செம்பு ஹீட்டருக்கு ஓர் ஆயுத பூஜை

வாயாடிகளால் சண்டைதான் வரும். பொருள் சேதம் வருவதெல்லாம் பேசக் கூச்சப்படுகிறவர்களால்தான். ஒரு வார்த்தை கேட்டால் முடிந்துபோகிற விஷயத்தைக் கேட்க முடியாமல், நாங்களாக எதையாவது செய்து வைத்துவிடுவோம். (நாங்கள் என்று பன்மையில் சொல்வது கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ளத்தான். செய்தது நான் ஒருவன்தான்.)

நான் பிளஸ் டூ வரை படித்தவன். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தேன். அங்கேயும் வியாபாரம் பேச என்னை விடமாட்டார்கள். உள்ளே உட்காரவைத்து, கறுத்துப்போன செம்பையும் பித்தளையையும் புளி போட்டுத் துலக்கச் சொல்வார்கள். அதில் நான் கெட்டிக்காரன். மனைவி சாந்தி நர்ஸ். அவளுக்கு ஆக்லாந்தில் வேலை கிடைத்தது. அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் மகள் யாழினியும் வந்து சேர்ந்தோம். எனக்கு த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு கடையின் பின்கட்டில் அட்டைப்பெட்டி பிரிக்கிற வேலை கிடைத்தது. அட்டைப்பெட்டிகள் நம்மை நலம் விசாரிப்பதில்லை. அதனால் அந்த வேலையை நான் மிகவும் நேசித்தேன்.

பக்கத்துப் பகுதியான சான்ட்ரிங்ஹாமில் ஒரு வீட்டின் பின்புறம் இருந்த சிறு யூனிட்டுக்குக் குடிபோனோம். முன்வீட்டில் வீட்டுக்காரர் ரஸ்ஸல் தனியாக இருந்தார். எழுபதைத் தாண்டியவர், உயரமானவர், எப்போதும் அரைக்கால் சட்டை. தபால் பெட்டி அவர் ஜன்னலுக்கு நேர் எதிரே. அந்த ஜன்னல் திரை அசைகிறதா என்று பார்த்துவிட்டு, அசையாதபோது குனிந்து ஓடித் தபால் எடுத்து வருவது என் வழக்கம்.

அவர் கெட்டவர் இல்லை. குடிவந்த வாரமே தன் கராஜைப் பார்க்க வரும்படி கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்று சொல்லத் தைரியமில்லாமல் போனேன். கராஜில் கார் இல்லை. தரையில் கம்பளம், சுவரெல்லாம் பலகை, பலகை நிறையப் பழைய எலக்ட்ரிக் ஹீட்டர்கள். எல்லாம் அவர் சிறுவயதுக் காலத்தவை. ஒன்று அந்தக் காலக் காரின் முகப்பைப் போல் வெள்ளிப் பட்டைகளோடு பல்லை இளித்துக்கொண்டிருந்தது. ஒன்று வட்ட ஜன்னல்கள் வைத்த கப்பல். ஒன்று அசல் ரேடியோப் பெட்டி. குமிழைத் திருகினால் செய்திகள் வாசிக்கும் போலிருந்தது. இன்னொன்று குச்சிக்கால்களில் வந்து இறங்கிய பறக்கும் தட்டு.

ரஸ்ஸல் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே விளக்கினார். அப்போதெல்லாம் இந்த மரவீடுகளில் குடும்பம் முழுக்க ஹீட்டரைப் பார்த்துத்தான் உட்காருமாம். எல்லோரும் பார்க்கிற சாமான் என்பதால் அதற்கு ஒரு முகம் தேவைப்பட்டதாம். அது வேகத்தின் மேல் உலகமே மோகம் கொண்டிருந்த காலமாம். அதனால் ரயில், கப்பல், கார் என்று ஓடுகிற சாமான்களின் மூக்கையெல்லாம் கொண்டுவந்து ஹீட்டருக்கு வைத்தார்களாம். ஒரு மூலையிலேயே ஆயுள் முழுக்க நிற்கப்போகிற சாமானுக்கு எதற்கு ரயில் மூக்கு என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. "வெரி நைஸ்" என்றேன். அன்று மாலை முழுக்க என் ஆங்கிலம் அந்த இரண்டு சொற்களில் ஓடியது. ஏசி மாதிரிச் சுவரில் மாட்டிச் சூடு தருகிற, இப்போது விற்கிற ஹீட் பம்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. "முகமே இல்லாத வெள்ளைப் பெட்டி. சுவரில் ஏறிப் படுத்துக்கொண்ட ஐஸ் பெட்டி" என்றார். அதற்கும் வெரி நைஸ்தான் சொன்னேன்.

கடைசியாக நடுவில் இருந்த ஒன்றின் முன்னால் நிறுத்தினார். செம்புக் கிண்ணம். நம் ஊர் அகலச் சட்டியைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு பாதத்தில் பொருத்தியது போல. நடுவே வெள்ளைப் பீங்கானில் ஒரு கூம்பு, அதில் சுற்றிய கம்பி. முன்னால் மேஜை மின்விசிறிக்கு இருப்பது போல் வட்டக் கம்பிவலை. கார் விளக்கு வெளிச்சத்தை வீசுகிற மாதிரி, இந்தக் கிண்ணம் சூட்டை நேராக வீசுமாம். ஆனால் அது கன்னங்கரேல் என்று இருந்தது. கீழ்ப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டியாக ஒரு கறை வேறு. செம்பை இப்படியா வைத்திருப்பார்கள்? என் கை அரிக்க ஆரம்பித்தது.

"இதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது, முரு" என்றார். (முருகேசன் என்ற பெயரை அவர் அங்கேயே நிறுத்திக்கொள்வார்.) நல்ல வேளையாக அப்போது சாந்தி கூப்பிட்டாள். கதை இன்னொரு நாள் என்று பேசிப் பிரிந்தோம். அந்த இன்னொரு நாள் வந்துவிடக்கூடாது என்றுதான் தபால் பெட்டிக்குக் குனிந்து ஓடிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடம் இப்படி ஓடியபின் ஒரு செப்டம்பர் மாதம் ரஸ்ஸலின் மகன் டேனியல் அளவு நாடாவோடு வந்தான். எங்கள் ஹால் சுவரை நீளமாக ஒரு தடவை, உயரமாக ஒரு தடவை அளந்தான். அப்பாவிடம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எதற்கு என்று அவனைக் கேட்டிருக்கலாம். வீட்டில் இருந்தது நான்.

சாந்தி டியூட்டி முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவள் கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"எதுக்கு அளந்தான்னு கேட்டீங்களா?"

"டீ வேணுமான்னு கேட்டேன்."

"அது ரொம்ப முக்கியம். அந்தப் பையன் வாடகை வீட்லதானே இருக்கான்? அவனே இங்க குடிவரப் போறான். சோபா போட இடம் பாத்துட்டுப் போயிருக்கான்."

அடுத்த வருடம் யாழினி ஹைஸ்கூல் சேரவேண்டும். நாங்கள் இருந்த தெரு, அவள் ஆசைப்பட்ட பள்ளியின் ஸோனுக்குள் இருந்தது. ஸோனுக்குள் வீடு இருந்தால்தான் இடம் நிச்சயம். எங்கள் வருமானத்துக்கு அந்த வட்டாரத்தில் இன்னொரு வீடு கிடைக்காது. "ஊர்க் கோடியில ரானுயி பக்கம்தான் பாக்கணும். அவளோட பிரெண்ட்ஸ் எல்லாம் இங்க, அவ அங்க" என்றாள் சாந்தி. யாழினி தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் வராமல் சாத்தினாள். அதுதான் என்னைச் சுட்டது.

"நீங்க போய் அவர்கிட்ட நேரா கேளுங்க. இல்லன்னா நல்ல பேராவது வாங்குங்க" என்று சாந்தி தீர்ப்புச் சொன்னாள். இரண்டில் எது எனக்கு முடியும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அக்டோபரில் வாய்ப்பு தானாக வந்து கதவைத் தட்டியது. ரஸ்ஸல் தன் தங்கையைப் பார்க்க ஹாமில்டன் போகிறார், ஞாயிறு சாயங்காலம் திரும்புவார். கராஜில் படுத்துக்கொள்ளும் பூனைக்குச் சாப்பாடு வைக்க வேண்டும். கராஜ் சாவியை என்னிடம் கொடுத்தார். திரும்பி வந்ததும் பக்கத்திலிருக்கும் ஊர்ப் பொது ஹாலில் பழைய வீட்டுச் சாமான்களுக்கு ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்கள், தன் ஹீட்டர்களும் போகின்றன என்று வெட்கத்தோடு சொன்னார். என்னிடம் ஏதோ கேட்க வந்தது போல் கொஞ்சம் நின்றார். நானும் ஏதோ கேட்க நினைத்து நின்றேன். பிறகு இருவரும் பூனையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பிரிந்தோம்.

சனிக்கிழமை காலை பூனைக்கு வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே அந்தச் செம்புக் கிண்ணம். நாலு பேர் பார்க்கிற கண்காட்சிக்கு இந்தக் கறுத்த மூஞ்சியோடா போவது? என் மூளை வேலை செய்தது. (அது வேலை செய்யும் நாட்களை வீட்டில் எல்லோருக்கும் பயம்.) வாயால் கேட்க முடியாததைக் கையால் கேட்டுவிடலாம். இப்படி உழைக்கிற மனிதனை வீட்டை விட்டு அனுப்ப எந்த வீட்டுக்காரருக்கு மனசு வரும்?

சான்ட்ரிங்ஹாம் ரோடு கடைக்கு ஓடிப்போய் ஒரு பெரிய புளிப் பொட்டலம் வாங்கினேன். கல்லுப்பும் நாரும் வீட்டிலேயே இருந்தன. கம்பிவலையைக் கழற்றி, பீங்கான் கூம்பைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டினேன். (அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. அதோடு தீர்ந்தும் போனது.) புளியைக் கரைத்துப் பூசித் தேய்க்கத் தேய்க்க, கறுப்புக்குள்ளிருந்து செம்பு சிரித்துக்கொண்டே வெளியே வந்தது. எத்தனையோ நாள் கழித்து எனக்குத் தெரிந்த ஒரு வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

அந்தக் கட்டிக் கறை மட்டும் அசையவில்லை. புளிக்கு மசியவில்லை, எலுமிச்சைக்கும் மசியவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஸ்டீல் நாரை எடுத்து, முட்டிபோட்டு உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டை மறந்து தேய்த்தேன். அதில் கோடு கோடாக ஏதோ தெரிந்தது. கோடுகளையும் சேர்த்துத் தேய்த்தேன். கடைசியில் அந்த இடம்தான் மற்ற எல்லா இடத்தையும்விடப் பளபளத்தது. என் முகம் அதில் தெரிந்தது. பார்க்கப் பெருமையாக இருந்தது. கூம்பின் பையை அவிழ்த்து, கம்பிவலையைத் திரும்பப் பொருத்தினேன்.

யாழினி வாசலில் வந்து நின்று பார்த்தாள். "அப்பா, டிட் ஹி ஆஸ்க் யூ டு?" என்றாள்.

கேட்டுச் செய்வது வேலை, கேட்காமல் செய்வதுதான் உபகாரம் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் ஞாயிறு, ஆயுத பூஜை. சாந்தி காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் மிக்ஸி, லேப்டாப், சாந்தியின் பழைய ஸ்டெதஸ்கோப்புக்கெல்லாம் பொட்டு வைத்தபின் குழைத்த சந்தனம் மிச்சமிருந்தது. பக்கத்திலேயே இத்தனை இயந்திரங்கள் பொட்டில்லாமல் இருக்கும்போது விடலாமா? கார் மூக்குக்கு ஒரு பொட்டு, கப்பலுக்கு ஜன்னலுக்கு ஒன்றாகப் பொட்டு, பறக்கும் தட்டுக்குக் காலுக்கு ஒன்று. செம்புக் கிண்ணத்தை நடுவில் ஒரு ஸ்டூலில் ஏற்றினேன். பின்னால் ஒளிவட்டம் வைத்த சாமி மாதிரியே இருந்தது. மாலைதான் இல்லை. இந்த ஊர் அக்டோபரில் செண்டுமல்லிக்கு எங்கே போவது? வீட்டு வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் செண்டுமல்லிச் சரத்தைக் கழற்றி வந்து கம்பிவலையைச் சுற்றிக் கட்டினேன். அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்தியது. ஊதுபத்தியைக் கொளுத்திவிட்டு, எங்களை இந்த வீட்டிலேயே இருக்கவிடு என்று ஒரு ஹீட்டரிடம் கைகூப்பி வேண்டினேன்.

கண்ணைத் திறந்தபோது கராஜ் வாசலில் ரஸ்ஸல் நின்றார். சாயங்காலம் வரவேண்டியவர் மத்தியானமே வந்துவிட்டார். கூடவே கண்காட்சி நடத்தும் ஹெலன் என்ற அம்மாள், கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்க. ஹீட்டர்களைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்.

பூனை ஒருமுறை கத்தியது. ரஸ்ஸலின் கண் கப்பலில் ஆரம்பித்து, பொட்டு பொட்டாக வந்து, கிண்ணத்தில் நின்றது. அவர் வாய் திறந்தது.

இப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். இது எங்கள் பண்டிகை, உங்களுக்காகச் செய்தேன், எங்களை அனுப்பிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் பேசாவிட்டால் என்ன, கிண்ணம் பேசட்டும். அது இப்போது எப்படிச் சூட்டை வீசுகிறது பார் என்று காட்டிவிட்டால் போதும் என்று நினைத்து, குனிந்து பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன்.

முதலில் அழகாகத்தான் இருந்தது. கூம்பில் கம்பி மெல்லச் சிவந்தது. கிண்ணம் முழுக்கப் பொன்னிறம் பரவியது. விடிகாலைச் சூரியனைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்த மாதிரி. "ஓ, லவ்லி" என்றார் ஹெலன். நான் தலைகுனிந்து பாராட்டை ஏற்றுக்கொண்டேன்.

தலைகுனிந்திருந்ததால் மாலை சுருங்குவதை நான் பார்க்கவில்லை. செண்டுமல்லிகள் ஒவ்வொன்றாக முகத்தைச் சுளித்தன. பிறகு அழ ஆரம்பித்தன. ஆரஞ்சு நிறத்தில் நூல் நூலாக ஒழுகி, வலைக்குள் புகுந்து, நான் முட்டிபோட்டுத் தேய்த்த அந்தப் பளபளப்பான இடத்திலேயே போய் உட்கார்ந்தன. புகை கிளம்பியது. கூரையில் இருந்த அலாரம் அலறியது. பூனை கப்பலைத் தள்ளிவிட்டு ஓடியது. ஹெலன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். நான் ஊதுபத்தியை அணைத்தேன். (அந்த நேரத்தில் எனக்கு அணைக்கத் தோன்றியது அதைத்தான்.) ரஸ்ஸல்தான் வந்து பிளக்கைப் பிடுங்கினார்.

அலாரம் ஓய்ந்ததும் அவர் கிண்ணத்தின் முன்னால் குனிந்து, விரலால் கீழ்ப்பக்கத்தைத் தொடாமல் சுட்டி, மிக மெதுவாகக் கேட்டார்: "முரு, சாக்ஸ் எங்கே?"

எந்த சாக்ஸ் என்று எனக்குப் புரியவில்லை. அப்போதுதான், மூன்று வருடமாக நான் ஒளிந்து ஒளிந்து தப்பித்த அந்தக் கதையைக் கேட்க நேர்ந்தது. சொன்னது ஹெலன். கண்காட்சியில் இந்த ஹீட்டரை நடுவில் வைக்க முடிவு செய்ததே அந்தக் கதைக்காகத்தானாம். ரஸ்ஸலும் அவர் தம்பி காலினும் பள்ளிக்கூடம் போன காலத்தில், ஈர சாக்ஸ் ஒன்றைச் சீக்கிரம் காயட்டும் என்று இந்த ஹீட்டர் வலைமேல் போட்டு மறந்துவிட்டார்கள். நைலான் கலந்த சாக்ஸ். உருகிக் கிண்ணத்தில் ஒட்டிவிட்டது. அம்மாவிடம் இருவருக்கும் அடி. யாருடைய சாக்ஸ் என்று அன்று ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. பெர்த்தில் இருக்கும் காலின் கண்காட்சிக்கு வருகிறார். கோடு போட்ட சாக்ஸ் காலினிடம் மட்டும்தான் இருந்ததாம். கறையில் பதிந்திருந்த கோடுகளைக் காட்டி, அது காலினின் சாக்ஸ்தான் என்று எல்லோர் முன்னாலும் நிரூபிக்க ரஸ்ஸல் காத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரே சாட்சியைத்தான் நான் ஸ்டீல் நாரால் தேய்த்து அனுப்பியிருந்தேன்.

ரஸ்ஸல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஹெலனைக் காருக்கு அழைத்துப்போய்விட்டு, தன் வீட்டுக்குள் போய்விட்டார். ஜன்னல் திரை மூடிக்கொண்டது.

சாந்தி வந்து எல்லாவற்றையும் கேட்டாள். சிரிப்பாள் என்று ஒரு நிமிடம் நம்பினேன். அவள் நேரே போய் என் கடையிலிருந்து நான் அவ்வப்போது கொண்டுவந்து வைத்திருந்த காலிப் பெட்டிகளை எடுத்துப் பிரித்து, பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தாள். யாழினி தன் புத்தகங்களைக் கொண்டுவந்து ஒரு பெட்டியில் வைத்தாள்.

"நல்ல பேர் வாங்கச் சொன்னேன்" என்றாள் சாந்தி. "போங்க. இப்பவாவது போய் வாயத் திறங்க. மன்னிப்பும் கேளுங்க, வீட்டையும் கேளுங்க. ரெண்டையும் கேக்காம வந்தீங்கன்னா உங்களையும் இந்தப் பெட்டில வெச்சு ஒட்டிடுவேன்."

முன்வீட்டுக்கு நடந்தேன். மனப்பாடம் செய்த வாக்கியங்கள் பாதி வழியிலேயே உதிர்ந்துவிட்டன. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். அதற்குள் கதவு திறந்தது. ரஸ்ஸல் என் வீட்டுக்கு வரத்தான் கிளம்பியிருந்தார். அவர் உதடும் எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"ஸாரி" என்றேன். அவரும் அதே நொடியில் "ஸாரி" என்றார். பிறகு நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன், டேனியல் குடிவருகிறானா, நாங்கள் எப்போது காலி செய்ய வேண்டும் என்று.

அவர் முகத்தில் ஒன்றும் புரியாத ஒரு பார்வை. "டேனியலா? அவன் ஹீட் பம்புக்கு அளந்தான்" என்றார்.

வாடகை வீட்டின் ஹாலில் நிரந்தரமாக ஒரு ஹீட்டர் பொருத்தியிருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அதைக் குளிர் தொடங்குமுன்பே வாங்கிவிட்டாராம். ஆனால் அந்த முகமில்லாத வெள்ளைப் பெட்டியைத் தன் கையால் ஒரு சுவரில் மாட்ட மனசு வராமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாராம். அதற்குள் ஜூன், ஜூலை என்று இந்த ஊர்க் குளிர்காலமே போய்விட்டது. பிறகுதான் டேனியலை அளக்க அனுப்பினாராம். கராஜ் நிறைய ஹீட்டர் வைத்திருக்கிறவனின் வீட்டில் குடியிருப்பவர்கள் குளிரில் நடுங்குகிறார்களே என்ற வெட்கம் வேறு. என்னைப் பார்க்கவே கூசியதாம். "நீ பெட்டி பெட்டியாக வீட்டுக்குக் கொண்டு போனாய். நீங்கள்தான் காலி செய்யப் போகிறீர்கள் என்று நினைத்தேன். கேட்கத் தைரியமில்லை" என்றார். பிறகு, தன் காதைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றும் சொன்னார். நான் தபால் எடுக்கப் போனால், நான் திரும்பிப் போகும்வரை அவர் திரைக்குப் பின்னால் அசையாமல் நிற்பாராம்.

மூன்று வருடம். ஒரே தபால் பெட்டி. திரைக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒருவன் முதுகை வளைத்துக்கொண்டு.

ரஸ்ஸல்தான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். சாந்தி யூனிட் கதவிடுக்கில் நின்று பார்த்தபோது நாங்கள் இருவரும் அழுகிறோம் என்று நினைத்தாளாம்.

கண்காட்சிக்கு அந்தக் கிண்ணம் போனது. உருகிய பிளாஸ்டிக்கைச் சுரண்டித் தருகிறேன் என்று சொன்னேன். ரஸ்ஸல் கிண்ணத்தைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதன் கீழே வைத்த அட்டையில் ஹெலன் இப்படி எழுதியிருந்தார்: செம்புக் கிண்ண ஹீட்டர். முதல் கறை, யாருடையது என்று தெரியாத சாக்ஸ். இரண்டாவது கறை, பிளாஸ்டிக் செண்டுமல்லி, முருகேசனுடையது. அன்று அந்த ஹாலில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கை குலுக்கினார், பெர்த்திலிருந்து வந்த காலின். சாட்சி அழிந்ததில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கவே இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு ஒரு ஜோடி சாக்ஸ் அனுப்புகிறார்.

யாழினி அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறாள். எங்கள் ஹாலில் ஹீட் பம்ப் ஏறிவிட்டது. முகமில்லாத அதற்கு ஆயுத பூஜையன்று சாந்தி பொட்டு வைத்தபின் கொஞ்சம் முகம் வந்தது என்பது ரஸ்ஸலின் அபிப்பிராயம். நான் யாரிடமும் சொல்லாமல் எதையாவது துடைக்கவோ திருத்தவோ உட்கார்ந்தால் போதும், அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "அப்பா புளி ஊறவெச்சுட்டார்" என்பாள் சாந்தி. யாழினி எழுந்து போய் அலாரத்தின் பேட்டரியைச் சரிபார்ப்பாள்.

வருடா வருடம் ஆயுத பூஜைக்கு ரஸ்ஸல் அந்தச் செம்புக் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து எங்கள் மிக்ஸிக்குப் பக்கத்தில் வைப்பார். சந்தனம் வைத்துக்கொள்ளலாம், குங்குமம் வைத்துக்கொள்ளலாம். வயர் மட்டும் இறுக்கச் சுற்றியிருக்கும். அதன் முனையில் பிளக் இருக்கும். பிளக்கின் மேல் காலின் அனுப்பிய சாக்ஸ் ஒன்றைப் போட்டு, மூன்று முடிச்சுப் போட்டிருப்பார்.